பின்சீட்டு, இடது பக்கம்

அந்தச் சாக்பீஸ் எழுத்தைத்தானுங்க தம்பி பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. சட்டை மட்டும் பட்டுறாம பாத்துக்கங்க, அழிஞ்சு போயிரும். மேல குடி வந்து நாலு நாளாச்சு, இன்னும் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பாக்கலியேன்னு நெனச்சுட்டே இருந்தேன். காலைல நீங்க பஸ்ஸுக்கு ஓடறதைப் பாத்தா பாவமா இருக்குதுங்க. பெருந்துறை வரைக்கும் நின்னுட்டேவா போறீங்க? அம்பது கிலோமீட்டர் இருக்குமே. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. இன்னிக்கு ஞாயித்துக்கெழமைதானே.

வண்டி அறுவத்தேழு மாடல். எங்க மில்லு மொதலாளி வெச்சிருந்தது. அந்த மில்லுல முப்பத்தோரு வருசம் நூல் டெஸ்டிங்ல இருந்தேனுங்க. நூலை இழுத்துப் பாத்து எத்தனை பலத்துல அறுந்து போகுதுன்னு சொல்லோணும். அதுல ஒரே ஒரு ரூல்தான். ரூம்ல ஈரம் மாறக் கூடாது, சூடு மாறக் கூடாது, டெஸ்ட் பண்ற ஆளு மாறக் கூடாது. ஒண்ணு மாறுனாலும் ரீடிங் பொய். மொதலாளி புது வண்டி வாங்கினப்ப, சென்னியப்பா, நீதான் இதை ஒழுங்கா வெச்சுக்குவேன்னு சாவியை என்ர கையில குடுத்தாருங்க. அவரு எப்பவும் பின்சீட்டுல, இடது பக்கம்தான் உக்காருவாரு.

செவுத்துல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க. நூத்தி இருவது, தெக்கலூர். நூத்திப் பதினஞ்சு, பெருமாநல்லூர் பிரிவு. நூத்திப் பத்து, செங்கப்பள்ளி. நம்பரு கார்ப்பரேட்டர் ஜெட்டோட நம்பருங்க. பெட்ரோல் போற ஓட்டை எத்தனை பெருசுங்கறது அது. சின்ன நம்பர்னா பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி. அது சரி, ஊர் பேரெல்லாம் எதுக்குன்னு கேக்கறீங்க.

எங்கூட்டுக்காரி வாந்தி எடுத்த எடமுங்க.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். வெவரமா சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

போன சித்திரையில சேலத்துல பேத்திக்குக் காது குத்து. என்ர மக கலாவை அங்கதான் கட்டிக் குடுத்திருக்குது. மாப்பிள்ளை பூபதி, பெரிய ஆளு, வருசத்துக்கு ஒரு கார் மாத்துவாப்ல. நானும் எங்கூட்டுக்காரி மயிலாத்தாளும் இந்த வண்டியிலதான் போனோம். சங்ககிரி தாண்டி மேடு ஏறுது பாருங்க, அங்க வண்டி இருமுச்சு. ரெண்டு தடவை குலுங்குச்சு. நின்னுருச்சு. சோக் இழுத்துப் பாத்தேன், ஊதிப் பாத்தேன், ம்ஹூம். சித்திரை வெயில்ல ரோட்டோரமா ஒரு மணி நேரம். மாப்பிள்ளை வந்தாப்ல. ஒரு வார்த்தை திட்டலீங்க, திட்டியிருந்தாலும் பரவால்ல. கயிறு கட்டி அவர் வண்டியில இழுத்துட்டுப் போனாப்ல. மண்டபத்து வாசல்ல சம்பந்தி வூட்டுச் சனமெல்லாம் நிக்குது, மேளம் அடிக்குது, நான் கயித்துக்குப் பின்னால ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு வந்து எறங்கறேன். "மாமா, இதை எடைக்குப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கிக்கங்க"ன்னாப்ல. எல்லாரும் சிரிச்சாங்க. குடும்ப குரூப்புல போட்டோ வேற.

மயிலும் சிரிச்சாளுங்க. பின்சீட்டுல உக்காந்துட்டு, முந்தானையை வாயில வெச்சு மூடிட்டு. கண்ணாடியில பாத்தேன். அதை நான் பெருசா எடுத்துக்கலை. அன்னிக்கே மறந்துட்டேன்.

ஆனா ஒரு முடிவு பண்ணேன். ஐப்பசியில மாப்பிள்ளை புது வூடு கட்டிப் புண்ணியார்ச்சனை. அதுக்கு இதே வண்டியில, எண்பது கிலோமீட்டர் ஸ்பீடுல, எங்கயும் நிக்காம, ஒரு இருமல் தும்மல் இல்லாம போய் எறங்கோணும். அதுக்கப்பறமும் தெனம் அந்த ரோட்டுல ஓடோணும். ஒரு நாள் ஓட்டி ஷோ காட்டறதுக்கு எவனாலும் ஓட்டுவான். தெனம் பஸ்ஸு மாதிரி, எப்பத் தொட்டாலும் எண்பதுல நிக்கற மாதிரி செட் பண்றதுதானுங்க வித்தை.

பாதிப் பேருக்கு அது தெரியாது. முன்னால இருக்கற ஸ்க்ரூவைப் புடிச்சுத் திருகிட்டே இருப்பாங்க. அந்த ஸ்க்ரூ வண்டி நின்னுட்டு ஓடறப்ப மட்டும்தான் பேசும். எண்பதுல போறப்ப பேசறது ஜெட்டுதான். நம்ம மெக்கானிக் அருளப்பன் சொல்லிக் குடுத்தான். எண்பதுல போயிட்டே இருந்து கிளட்சை மிதிச்சுச் சாவியை அணைச்சரோணும். அப்படியே ஓரங்கட்டி பிளக்கைக் கழட்டிப் பாக்கோணும். கரியா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தலை, எஞ்சின் வெந்துரும். காப்பிப்பொடி கலர்ல இருந்தா சரி.

எனக்கு அது போதுமுங்களா? டெஸ்டிங்ல இருந்த ஆளு நானு. ஒரு மிசின் ரீடிங் சொன்னா, இன்னொரு மிசின்ல வெச்சுப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன். இன்னொரு மிசினுக்கு எங்க போறது? அப்பத்தான் மயிலு ஞாபகம் வந்துச்சு.

அவ மூக்கு அப்படிப்பட்ட மூக்குங்க. பால் திரியப் போறதை முந்தின நாளே சொல்லிருவா. பக்கத்து வூட்டுல எந்தக் கடை எண்ணெய் ஊத்தறாங்கன்னு சொல்லுவா. வண்டியில ஏறுனா பெட்ரோல் வாசத்துக்கு அவளுக்குக் கொமட்டும், கல்யாணமான நாள்லருந்து. முப்பத்தெட்டு வருசமா அதை ஒரு தொந்தரவுன்னே நெனச்சிருக்கேன் பாருங்க. அது ஒரு மீட்டருங்க! கலவை கெட்டுப் போயிருந்தா சீக்கிரம் எடுப்பா. சரியாக ஆக, தூரம் போய் எடுப்பா. முழுசாச் சரியாயிருச்சுன்னா எடுக்கவே மாட்டா. இதுக்கு மேல ஒரு கருவி வேணுமா?

ஆனி மாசம் ஆரம்பிச்சோம். வாரத்துக்கு ரெண்டு நாள், காலைல ஆறே முக்காலுக்கு. ரூல் ரூல்தான். ரெண்டு இட்லி, தேங்காச் சட்னி. மூணு வேண்டாம், ஒண்ணு வேண்டாம். வெறும் வயித்தோட வரேங்கன்னா ஒரு நாளு. அப்பறம் நேத்து ரீடிங்கோட இதை எப்படிச் சேத்துப் பாக்கறது? எலுமிச்சம்பழம் ஒண்ணை முந்தானையில முடிஞ்சுட்டு வந்தா. மோந்து பாத்தா கொமட்டல் அடங்குமாம். புடுங்கி வெளிய வீசினேன். வாசத்தைப் புடிக்கறதுக்குத்தானே கூட்டிட்டுப் போறேன், அதை அமுக்கறதுக்கா? கண்ணாடி நாலும் ஏத்தியிருக்கோணும். முன்சீட்டுல உக்காந்துக்கறேன், காத்தாவது படுமுன்னா. முன்னால உக்காந்தா பேச்சுக் குடுப்பா, எஞ்சின் சத்தம் எனக்குக் கேக்காது. மொதலாளி உக்காந்த எடம் மயிலு, ராணி மாதிரி உக்காருன்னு சொல்லிப் பின்னால ஏத்துனேன். மரியாதையாத்தானுங்க நடத்துனேன்.

கையில ஒரு பிளாஸ்டிக் கவரு குடுத்துருவேன். வண்டியை நிறுத்த மாட்டேன். எண்பதுல இருந்து எறக்கிட்டா எல்லாம் மொதல்லருந்து. ஒவ்வாக்னு சத்தம் கேட்ட உடனே மைல் கல்லைப் பாத்துக்குவேன். சில நாள் அவ தலையைக் குனிஞ்சுட்டுச் சத்தமில்லாம எடுத்துருவா. அப்ப மட்டும் எனக்குக் கெட்ட கோவம் வரும். "எந்தக் கல்லுலடீ எடுத்தே?" "தெரியலீங்க." "தெரியலைன்னா எதுக்குடீ வந்தே?" இப்படி.

பெருசா ஒண்ணும் கேக்க மாட்டாளுங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. அவிநாசி தாண்டறப்ப கோபுரம் இருக்கற பக்கமாப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, "ஏனுங்க, ஒருக்கா உள்ள போய் கும்பிட்டுட்டுப் போலாமுங்களா"ம்பா. சூடான எஞ்சினை அணைச்சுட்டு, கோயிலுக்குப் போய், அர்ச்சனை பண்ணி, வந்து திருப்பி எடுத்தா என்ன ரீடிங் வரும்? இருவத்தாறு தடவை அவிநாசியைத் தாண்டிப் போயிருக்கோம். இருவத்தாறு தடவையும் கேட்டிருக்கா. சலிக்கவே சலிக்காது அவளுக்கு.

நூத்தி இருவதுல ஆரம்பிச்சேன், தெக்கலூர்லயே எடுத்துட்டா. ஆறு கிலோமீட்டர் கூட இல்லை. நூத்திப் பதினஞ்சு போட்டேன். ஆகா, வண்டி என்னமா போச்சுங்க! எண்பதுல வெச்சா ஸ்டியரிங்கு கையில தூங்குது. பிளக்கைக் கழட்டினா அசல் காப்பிப்பொடி. ஆனா பெருமாநல்லூர் பிரிவுல எடுத்துட்டா. மிசின் சரிங்குது, மீட்டர் இல்லேங்குது. நூத்திப் பத்து போட்டேன். செங்கப்பள்ளி வரைக்கும் தாங்குனா, ஆனா வண்டி மேட்டுல இருமுது, சூடு ஏறுது, பிளக்கு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு. திருப்பி நூத்திப் பதினஞ்சுக்கே வந்தேன். அன்னிக்கு மழை, காத்து துளி உள்ள வராம இறுக்கி மூடியிருந்தோம். அவிநாசியிலயே எடுத்துட்டா! அதே ஜெட்டு, அதே இட்லி. எனக்கு மண்டை காஞ்சு போச்சு.

அருளப்பன்கிட்டக் கொண்டு போனேன். அவன் கார்ப்பரேட்டரைத் தொடவே இல்லைங்க. வண்டிக்கடியில படுத்துட்டு டார்ச் அடிச்சுப் பாத்தான். எந்திரிச்சு வந்து, "அண்ணா, உங்க கலவை எப்பவோ சரியாயிருச்சு. பின்சீட்டுக்குக் கீழ தகடு துருப்புடிச்சு ஓட்டையாயிருக்குது. அதுக்கு நேர் கீழ சைலன்சர் பைப்பு வெடிச்சிருக்குது. புகை மொத்தமும் உள்ளதான் வருது. அக்காவை அதுல உக்கார வெக்காதீங்கண்ணா, மொதல்ல இதை அடைப்போம்"னான்.

அவன் தொழிலு அவனுக்கு. வெல்டிங் வெக்கறதுன்னா சீட்டைப் பிரிக்கோணும், டாங்கியை எறக்கோணும், வண்டி ஒரு மாசம் படுத்துரும். ஐப்பசிக்கு எத்தனை நாளு இருந்துச்சு? இருவது நாளு. அதுவுமில்லாம நான் ஒண்ணு யோசிச்சேன். கலவை நெசமாவே சரியா எரிஞ்சா, புகை உள்ள வந்தாலும் அதுல வாசம் இருக்கக் கூடாதல்லோ? வாசம் இல்லாட்டி அவ ஏன் எடுக்கப் போறா? என்ன சொல்றீங்க? அருளப்பனை மடக்கிக் கேட்டேன். தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டான். இருந்தாலும் மனசு கேக்காம, ஒரு சாக்கை நாலா மடிச்சு அந்த ஓட்டை மேல போட்டு, ரப்பர் மேட்டைப் போட்டு மூடினேன். எம் பொண்டாட்டி உக்கார்ற எடமில்லையா.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்ப மயிலு கேட்டா. "ஏனுங்க, நான் ஒருக்கா வாந்தி எடுக்காம வந்துட்டா, அவிநாசியில நிறுத்துவீங்களா?" நீ மட்டும் எடுக்காம வா, எங்க சொல்றியோ அங்க நிறுத்தறேன்னேன். என்ர வாயால சொன்னதுதான், இல்லேங்கலை.

அடுத்த ஞாயித்துக்கெழமை. தெக்கலூர் போச்சு. அவிநாசி போச்சு. பெருமாநல்லூர், செங்கப்பள்ளி, விஜயமங்கலம்... சத்தமே இல்லீங்க. கண்ணாடியில பாத்தா, கதவுல தலையைச் சாச்சுத் தூங்கறா! முப்பத்தெட்டு வருசத்துல என்ர கூட வந்து தூங்கினதே கிடையாது. பெருந்துறை போய்த் திரும்பி ஷெட்டுக்குள்ள வர்ற வரைக்கும் கவர் காலி. பிளக்கைக் கழட்டுனேன். காப்பிப்பொடி! மிசினும் சரிங்குது, மீட்டரும் சரிங்குது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பொய் சொல்லலை. மயிலோட நகப் பாலீஷை எடுத்து ஸ்க்ரூ எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வெச்சு சீல் பண்ணேன். அந்தா தெரியுதுங்களா, செவப்பா.

கோயிலுங்களா? சேலத்துக்குப் போறப்ப நிறுத்தறேன்னு சொன்னேன்.

புண்ணியார்ச்சனை அன்னிக்கு நல்ல மழை. பட்டுச் சீலை கட்டியிருந்தா, தேங்கா பழத்தட்டு மடியில. அவிநாசிக்கும் சேத்து ஒரு தட்டு எடுத்து வெச்சிருந்தா. கண்ணாடியெல்லாம் ஏத்திட்டோம். எனக்கு மட்டும் முன்னால அந்த முக்கோணக் கண்ணாடியைச் சித்தெ தொறந்து வெச்சேன், ஆவி புடிச்சா ரோடு தெரியாதல்லோ. வண்டி அன்னிக்குப் போனது மாதிரி நான் எந்த வண்டியும் போய்ப் பாத்ததில்லீங்க. எண்பதுல முள்ளு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அவிநாசி வந்துச்சு. "ஏனுங்க..."ன்னா. எப்படி நிறுத்தறது, சொல்லுங்க? அந்த ஓட்டத்தை எப்படி அறுக்கறது? "திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம் மயிலு"ன்னேன்.

"சரீங்க"ன்னா.

அப்பறம் தூங்கிட்டா. சங்ககிரி மேட்டுல வண்டி துள்ளி ஏறுச்சு பாருங்க, "மயிலு, பாத்தியா!"ன்னு கத்துனேன். தலை மட்டும் இப்படி ஆடுச்சு. எனக்கும் தலை கனமா இருந்துச்சு, சந்தோசத்துலன்னு நெனச்சேன். மாப்பிள்ளை வூட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்துனேன். சனமெல்லாம் நிக்குது, மேளம் அடிக்குது. ஆரன் அடிச்சேன். பூபதி வந்து வண்டியைச் சுத்திப் பாத்து, "பரவால்லியே மாமா"ன்னாப்ல. தம்பி, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஆனியிலருந்து ஐப்பசி வரைக்கும் பாடுபட்டது. அதைக் காது குளிரக் கேட்டனுங்க. அப்பத்தான் அவரு மரியாதைக்குப் பின்கதவைத் தொறந்தாப்ல.

அவ அப்படியே சரிஞ்சு வெளிய விழுந்தா. தேங்கா உருண்டு சாக்கடைக்குப் போச்சு. நான் கேக்கோணும்னு நெனச்ச மேளம் நின்னு போச்சு. அதுக்கப்பறம் என்னைப் பரவால்லைன்னு யாரு சொல்லப் போறாங்க?

ஒம்போது நாளு ஆஸ்பத்திரி. உசுருக்கு ஒண்ணுமில்லை, வந்துட்டா. ஆனா கை நடுங்குது, பேச்சு சித்தெ இழுக்குது. புகை ரத்தத்துல கலந்துருச்சு, அந்தப் புகைக்கு வாசமே கிடையாது, இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தா முடிஞ்சிருக்கும்னாரு டாக்டரு. இத்தனை நாள் வாந்தி எடுத்ததே அவ உடம்பு சொன்ன எச்சரிக்கைதான்னாரு. நான் ரீடிங்கையெல்லாம் எடுத்துச் சொன்னேன். காதுல வாங்கலை. என்ர பொண்ணு என்னை ரூமை வுட்டு வெளிய போகச் சொன்னா. பெத்த அப்பனை.

அங்க வராந்தாவுல உக்காந்துட்டு, அவ கைப்பையை மடியில வெச்சிருந்தேன். சும்மா தொறந்து பாத்தேன். என்ன இருந்துச்சுன்னு நெனைக்கறீங்க? வாந்தி மாத்திரை! பத்து இருக்கற அட்டை, ரெண்டு குழி காலி. ஒண்ணு அந்த ஞாயித்துக்கெழமைக்கு. ஒண்ணு சேலத்துக்கு. போட்டா தூக்கம் வருமுன்னு அட்டையிலயே எழுதியிருக்குது.

ஏமாத்தியிருக்கா தம்பி! எம் பொண்டாட்டியே என்ர டெஸ்டுல கையை வெச்சிருக்கா. நகப் பாலீஷ் வெச்சு சீல் பண்ணது எந்த ரீடிங்கை நம்பி? மாத்திரை ரீடிங்கை நம்பி! மில்லுல ஒருத்தன் நூல்ல மெழுகு தடவிட்டு டெஸ்டுக்கு அனுப்புனான்னு அன்னிக்கே வேலையை வுட்டு நிறுத்தச் சொன்னவன் நானு. ஒரு கோயிலுக்குப் போறதுக்காவ இப்படியா? கேட்டிருந்தா நானே நிறுத்தியிருக்க மாட்டனா?

அதைக்கூட நான் மனசுல வெச்சுக்கலை. மக வூட்டுலயே இருந்துட்டவளை மார்கழியில கூட்டிட்டு வரப் போனேன், இதே வண்டியில. முன்சீட்டுல உக்கார வெச்சுக்கலாம்னு கூட நெனச்சுட்டுத்தான் போனேன். தெருமுக்குல திரும்பி, எஞ்சினை அணைச்சுட்டு ஒரு ஆரன் அடிச்சேன். அம்பது அடி இருக்கும். வாசப்படியில உக்காந்து கீரை ஆய்ஞ்சுட்டிருந்தா. சத்தத்தைக் கேட்ட உடனே கீரை மேலயே வாந்தி எடுத்துட்டாளுங்க. எஞ்சினை அணைச்சாச்சு, வெளிக் காத்து, அம்பது அடி தூரம். இதுக்கு நான் செவுத்துல என்னன்னு எழுதறது? அன்னிக்கு வெறுத்துப் போச்சு எனக்கு. அந்த மீட்டர் போயிருச்சு, இனி நம்பறதுக்கில்லை. அப்படியே வண்டியைத் திருப்பிட்டு வந்துட்டேன். அவளும் கூப்பிடலை.

திரும்பி வர்றப்ப அவிநாசியில நிறுத்திக் கும்பிட்டனுங்க. நானா அவ சொல்லைத் தட்டறவன்?

சரி, அதை வுடுங்க. வண்டி இப்ப இருக்கற இருப்பைப் பாருங்க, கேளுங்க இந்தச் சத்தத்தை. தெனம் பெருந்துறைக்கு நீங்க எதுக்கு பஸ்ஸுல நின்னு போறீங்க? நாளைக்கு ஆறே முக்காலுக்குக் கீழ வந்துருங்க. எனக்கும் எண்பதுல ஓட்டிப் பாத்த மாதிரி இருக்கும். துணைக்கு ஒரு மனுசனும் ஆச்சு. முன்னால வேண்டாமுங்க. பின்சீட்டு, இடது பக்கம். மொதலாளி சீட்டு. ஓட்டையெல்லாம் சாக்குப் போட்டு அடைச்சாச்சு, பயப்படாதீங்க. காலைல ரெண்டே இட்லி, நானே வாங்கி வெச்சர்றேன்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. மாத்திரை கீத்திரை போடற பழக்கம் ஏதும் இல்லீங்களே?